எண்ணும் எல்லையும்: பேராசிரியர் மகலனோபிசின் வாழ்வும் பணியும்

ஆவடி என்னும் ஊர்ப்பெயர் இந்தியப் பொருளியல் வரலாற்றில் இடம்பெற்றது 1955ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆகும். இந்திய தேசியக் காங்கிரசின் 60ஆவது மாநாடு யு. என். தேபரின் தலைமையில் அங்கே கூடிற்று. காமராசர் சென்னை மாநில முதலமைச்சராக விளங்கிய காலம் அது. சமதர்மப் பாணியில் அமைந்த சமுதாயமே நாட்டின் இலக்கு என்னும் தீர்மானம் அம்மாநாட்டில் நிறைவேறியது. இரண்டு திங்கள் கழிந்து, மார்ச் 17ஆம் நாள், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கான வரைவு அரசின் முன் வைக்கப்பட்டது. ஆவடித் தீர்மானம் சொற்களால் ஆனது. அவ்வரைவோ எண்களால் ஆனது. அதனை ஆக்கியவர் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

ஒரு விருப்பத்தை எண்ணாகவும், அவ்வெண் மீறக் கூடாத எல்லைகளாகவும் மாற்றி எழுதினால், எஞ்சிய வேலையை இயந்திரம் செய்யும். இன்று இதனை உகமமாக்கல் என்று கணிதநூலார் வழங்குகின்றனர். கிடைக்கும் பொருளைக் கொண்டு பெறத்தக்க மிகச் சிறந்த பயனைக் கண்டறிதல் என்பது இதன் பொருள். தொழிற்சாலை, மின்நிலையம், இருப்புப்பாதை என எங்கும் இத்தகைய கணக்குகள் கணிப்பொறி நிரல்களுக்குள் பொதிந்து கிடக்கின்றன. இந்தியாவில் இவ்வகைச் சிந்தனைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் மகலனோபிஸ். அம்முறையின் ஆற்றல், அதன் குறை ஆகிய இரண்டையும் அவர் வாழ்க்கை ஒருசேரக் காட்டுகிறது.

பிறப்பும் கல்வியும்

1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் மகலனோபிஸ் பிறந்தார். பாட்டனார் குருசரண் கிழக்கு வங்கத்து விக்கிரமபுரத்திலிருந்து 1854இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தவர். மருந்துக்கடை வைத்து வாழ்வை நிலைநிறுத்தியவர். பிரம்ம சமாசத்தில் ஈடுபட்டு, கைம்பெண் ஒருவரை மணந்து அக்காலச் சமூகத்தின் சினத்துக்கு ஆளானவர். தந்தை பிரபோத சந்திரர், தாய் நிரோதவாசினி. சீர்திருத்தமும் கல்வியும் நிறைந்த இல்லத்தில் மகலனோபிஸ் வளர்ந்தார்.

பிரம்ம ஆண்கள் பள்ளியில் 1908இல் படிப்பை முடித்தபின், மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் இயற்பியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். 1913இல் இங்கிலாந்து சென்றார். இலண்டனில் படிப்பதே முதல் எண்ணம். கேம்பிரிட்சைப் பார்க்கச் சென்ற நாளில் திரும்பும் தொடர்வண்டியைத் தவறவிட்டு ஓரிரவு அங்கே தங்க நேர்ந்தது. கிங்ஸ் கல்லூரியின் வழிபாட்டு மண்டபத்தின் அழகு அவரை ஈர்த்தது, அக்கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார்.

இராமானுசனின் நட்பு

1914இல் சீனிவாச இராமானுசன் கேம்பிரிட்சு வந்தடைந்தார். வங்க இளைஞரும் கும்பகோணத்துக் கணிதமேதையும் நண்பர்களாயினர். குளிர்மிகுந்த அறையில் இராமானுசன் கம்பளிகளை உள்ளே மடித்துச் செருகிய படுக்கையின் மேலேயே படுத்து நடுங்கி வந்ததையும், அக்கம்பளிகளுக்குள் நுழைந்து உறங்கும் முறையைத் தாம் காட்டிக் கொடுத்ததையும் மகலனோபிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சீர்காழி தந்த நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1967இல் வெளியிட்ட இராமானுசன் பற்றிய நூலில் இந்நினைவுகள் இடம்பெற்றுள்ளன.

அந்நினைவுகளுள் ஒன்று கணிதம் பயில்வோர் பலரும் அறிந்தது. ஸ்டிராண்ட் என்னும் ஆங்கில இதழில் ஒரு புதிர் வந்திருந்தது. ஒரு தெருவின் வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண்ணிட்டுள்ளனர். ஒரு வீட்டிற்கு இடப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள் உள்ளன எனில் அவ்வீட்டின் எண் யாது? மகலனோபிஸ் சில நிமிடங்களில் முயன்று பார்த்தே விடையைக் கண்டார். மொத்தம் 288 வீடுகள், வீட்டெண் 204. அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த இராமானுசனிடம் புதிரைச் சொன்னபோது, அவர் எழுந்து வராமலே ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். அதனுள் 204 மட்டுமன்று, 8 வீட்டுத் தெருவில் 6, 49 வீட்டுத் தெருவில் 35 என முடிவில்லாத எல்லா விடைகளும் அடங்கியிருந்தன.

இராமானுசனின் விடைகள் எண்ணற்றவை; அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது 50, 500 என்னும் எல்லைகள். எல்லையை மாற்றினால் விடையும் மாறும். எல்லையை எழுத மறந்தால் ஒரு விடையில் நிற்க இயலாது. மகலனோபிசின் பிற்காலப் பணி முழுவதற்கும் இச்சிறு புதிரை ஒரு முன்னுரையாகக் கொள்ளலாம்.

1915இல் இயற்பியலில் தேறித் தாயகம் திரும்பும் வேளையில், ஆசிரியர் மெக்காலே என்பவர் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழை அவருக்குக் காட்டினார். அதன் தொகுதிகள் அனைத்தையும் வாங்கிக்கொண்டு கப்பலேறினார். வழியெல்லாம் அவற்றைப் படித்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக அமர்ந்தாரெனினும், உள்ளம் புள்ளியியலில் தோய்ந்துவிட்டது.

தாகூரின் அணுக்கத் தொண்டர்

எண்களில் ஆழ்ந்த அவர் கவிதையிலிருந்து விலகி நின்றவர் அல்லர். இரவீந்திரநாத தாகூரின் பேரன்புக்கு உரியவராக விளங்கினார். ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்துத் தாகூர் 1919இல் சர் பட்டத்தைத் துறந்த நாள்களில் உடனிருந்தவர்களுள் அவரும் ஒருவர். விசுவபாரதியின் செயலாளர் பொறுப்பைப் பத்தாண்டுக் காலம் தாங்கினார். 1926இல் தாகூரின் ஐரோப்பியப் பயணத்தில் துணைவியாருடன் உடன் சென்றார். தாகூரின் கவிதைத் தொகுப்பாகிய சயனிகாவின் புதிய பதிப்புக்கு வாசகர்களிடம் வாக்குத் திரட்டிப் பாடல்களைத் தெரிவு செய்யும் முறையை வகுத்தவரும் அவரே. கவிதைத் தெரிவிலும் கணக்கெடுப்பைப் புகுத்திய துணிவு அது.

1923 பிப்ரவரி 27இல் நிர்மலகுமாரியை மணந்தார். மணமகளின் தந்தை ஹேரம்ப சந்திர மைத்திரர் இத்திருமணத்துக்கு முழு மனத்துடன் இசையவில்லை. மணமகனின் தாய்மாமன் நீல்ரத்தன் சர்க்கார் மணமகள் தந்தையின் இடத்தில் நின்று சடங்கை நிறைவேற்றினார். இராணி என்று அழைக்கப்பட்ட நிர்மலகுமாரிக்குத் தாகூர் எழுதிய கடிதங்கள் வங்க இலக்கியத்தில் தனி இடம் பெற்றவை.

வெள்ளமும் சணலும்

1922 முதல் 1926 வரை கல்கத்தா வானிலை ஆய்வகப் பொறுப்பையும் மகலனோபிஸ் சேர்த்து வகித்தார். 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்துவதே வழி என்று பொறியாளர்கள் கருதினர். அறுபது ஆண்டு மழை, வெள்ள விவரங்களை ஆராய்ந்த மகலனோபிஸ், படுகை உயர்ந்தமைக்குச் சான்றில்லை எனவும், ஆற்றின் மேற்பகுதியில் நீரைத் தேக்குவதே தக்கது எனவும் காட்டினார். பின்னாளில் மகாநதிப் படுகையில் எழுந்த ஹிராகுட் அணைக்கு இவ்வாய்வுகள் துணைசெய்தன.

1931 டிசம்பர் 17இல் கூடிய கூட்டத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கருக்கொண்டது. 1932 ஏப்ரல் 28இல் பதிவு பெற்றது. மாநிலக் கல்லூரி இயற்பியல் துறையில் ஓர் அறையே அதன் இருப்பிடம். முதலாண்டுச் செலவு 238 ரூபாய். 1933இல் சங்க்யா என்னும் ஆய்விதழ் தொடங்கியது. ராஜ சந்திர போஸ், சமரேந்திர நாத் ராய், 1941இல் வந்து சேர்ந்த சி. ஆர். ராவ் ஆகிய பேரறிஞர்கள் இந்நிறுவனத்தில் உருவாயினர்.

1937இல் வங்கத்துச் சணல் விளைநிலத்தின் பரப்பை மதிப்பிடும் பணி மகலனோபிசிடம் வந்தது. எல்லா வயல்களையும் அளப்பது இயலாது. சில துண்டுகளைத் தெரிந்தெடுத்தே முழுமையை மதிப்பிட வேண்டும். அத்துண்டுகள் பெரியனவாக இருப்பின், அலைச்சல் குறையும். ஆனால் அருகருகே உள்ள வயல்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் புதிய செய்தி மிகுதியாகக் கிடைக்காது. துண்டுகள் சிறியனவாகவும் பலவாகவும் இருப்பின், மதிப்பீட்டின் பிழை குறையும். அளப்போர் நடக்கும் தொலைவும் செலவும் பெருகும். பிழை, செலவு ஆகிய இவ்விரண்டிற்கும் இடையே மிகப் பொருத்தமான இடம் எது?

அதனை ஊகத்தால் அவர் முடிவு செய்யவில்லை. களப்பணியாளர் நடப்பதற்கு எவ்வளவு நேரம், அளப்பதற்கு எவ்வளவு நேரம், எழுதுவதற்கு எவ்வளவு நேரம் என்று பதிவு செய்யச் செய்தார். அவற்றிலிருந்து செலவுக்கு ஒரு சமன்பாடும் பிழைக்கு ஒரு சமன்பாடும் அமைத்தார். குறித்த செலவுக்குள் பிழை எங்கே மிகச் சிறிதாகிறதோ அந்த இடத்தைக் கணித்தார். உகமமாக்கலின் இலக்கணம் முழுவதும் இங்கே உள்ளது: அறிய வேண்டிய அளவு, அடைய வேண்டிய குறிக்கோள், மீறக் கூடாத எல்லை. ஒரே பகுதியை ஒருவரையொருவர் சாராத இரு குழுவினர் அளந்து, இரு விடைகளையும் ஒப்பிடும் முறையையும் அவர் புகுத்தினார். கணக்கில் மட்டுமன்று, கணக்கிடுவோரிடத்தும் பிழை நேரும் என்பதை ஏற்றுக்கொண்ட முறை அது.

1943இன் வங்கப் பஞ்சத்திற்குப் பின், பஞ்சம் குடும்பங்களை எவ்வாறு சிதைத்தது என்பதனையும் அவர் குழு மாதிரிக் கணக்கெடுப்பால் ஆராய்ந்தது. 1945இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1950இல் நாடு தழுவிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அவர் முயற்சியால் தொடங்கியது.

இயந்திரம் வந்த வழி

தொடக்க ஆண்டுகளில் நிறுவனத்தின் கணக்குகள் கையால் சுழற்றும் பொறிகளில் நடந்தன. வரிசையாக அமர்ந்த இளைஞர்கள் நாள்முழுதும் பெருக்கியும் வகுத்தும் எண்களைத் திரட்டினர். 1953இல் சமரேந்திர குமார் மித்ரா என்னும் அறிஞர் பத்து அறியா அளவுகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்கும் மின்பொறி ஒன்றை நிறுவனத்திலேயே ஆக்கினார். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த எச். இ. சி. 2எம் என்னும் கணிப்பொறி 1956இல் இயங்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் எண்முறைக் கணிப்பொறி இதுவே. சுழலும் காந்த உருளையில் 1,024 எண்களை மட்டுமே அது நினைவில் கொள்ளும். பின்னர்ச் சோவியத் நாட்டின் யூரல் கணிப்பொறி வந்தது.

இயந்திரத்துடன் அறிஞர்களும் வந்தனர். நார்வே நாட்டுப் பொருளியலறிஞர் ராக்னர் பிரிஷ் 1954ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனத்துக்கு வந்து, நேரியல் திட்டமிடலை நாட்டுத் திட்டத்திற்குப் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்தார். நேரியல் திட்டமிடல் அப்போது இளமையானது. சோவியத் கணிதர் கண்டரோவிச் ஒட்டுப்பலகை ஆலையின் கணக்கொன்றிலிருந்து 1939இல் அதனைத் தொடங்கினார். அமெரிக்கர் டான்ட்சிக் 1947இல் அதற்கு விரைவான தீர்வுமுறை கண்டார். எல்லைகள் சூழ்ந்த பரப்பின் மூலைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது டான்ட்சிக்கின் முறை. பரப்பின் உள்ளே புகுந்து செல்லும் வழியைப் பிரிஷ் நாடினார். அவ்வுள்வழிக்குப் பேராற்றல் உண்டு என்பதை முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1984இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய இந்தியரான நரேந்திர கர்மார்க்கர் உலகுக்குக் காட்டினார்.

நான்கு துறைகள், மூன்று சமன்பாடுகள்

இனி 1955ஆம் ஆண்டின் வரைவுக்கு அடிப்படையான கணக்கைக் காணலாம். ஐந்தாண்டுகளில் முதலிட 5,600 கோடி ரூபாய் உண்டு எனக் கொள்ளப்பட்டது. நாட்டு வருமானம் ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர வேண்டும்; அதாவது ஐந்தாண்டில் 2,900 கோடி ரூபாய் கூட வேண்டும். ஒரு கோடியே பத்து இலட்சம் பேருக்குப் புதிதாக வேலை வேண்டும். இப்பணத்தை நான்கு துறைகளுக்குப் பங்கிட வேண்டும்: இயந்திரம், எஃகு முதலிய முதலீட்டுப் பொருள் துறை, ஆலை நுகர்பொருள் துறை, வேளாண்மையும் அடங்கிய வீட்டுத்தொழில், சிறுதொழில் துறை, கல்வி, மருத்துவம் முதலிய பணித்துறை.

ஒவ்வொரு துறைக்கும் மகலனோபிஸ் இரண்டு எண்களை வைத்தார். ஒரு ரூபாய் முதலுக்கு எவ்வளவு வருமானம் என்பது முதலாவது. மேற்கூறிய வரிசையில் அவை 0.20, 0.35, 1.25, 0.45. ஒருவருக்கு வேலை தர எவ்வளவு முதல் என்பது இரண்டாவது. அவை 20,000, 8,750, 2,500, 3,750 ரூபாய். ஆக எட்டு எண்கள். ஒரு நாட்டின் ஐந்தாண்டு எதிர்காலம் அவற்றுள் அடக்கப்பட்டது.

பங்குகளின் கூட்டு 5,600. வருமானத்தின் கூட்டு 2,900. வேலையின் கூட்டு 110 இலட்சம். சமன்பாடுகள் மூன்று, அறிய வேண்டிய பங்குகள் நான்கு. மூன்று சமன்பாடுகளால் நான்கு அளவுகளை உறுதி செய்ய இயலாது. ஆகவே முதலீட்டுப் பொருள் துறைக்கு மூன்றில் ஒரு பங்கு என்பதை அவர் கணக்கிற்கு வெளியே முடிவு செய்தார். இன்று எஃகும் இயந்திரமும் செய்தால்தான் நாளை எல்லாத் துறைகளும் விரைந்து வளரும் என்பதனை 1953இல் வெளியிட்ட இருதுறை மாதிரியில் அவர் காட்டியிருந்தார். எஞ்சியவை தாமே அமைந்தன. நான்கு துறைகளுக்கும் முறையே ஏறத்தாழ 1,850, 980, 1,180, 1,600 கோடி ரூபாய். வேலை 9, 11, 47, 43 இலட்சம் பேருக்கு. இக்கணக்கை எச். இ. சி. கணிப்பொறி செய்யவில்லை, அது இயங்கத் தொடங்குமுன்பே வரைவு முடிந்துவிட்டது.

நிரலுக்குள் பொதியும் மாதிரி

இக்கணக்கையே இன்றைய கணிப்பொறி நிரலுக்குள் பொதிவதாகக் கொள்வோம். நிரலின் சில வரிகளில் நான்கு அறியா அளவுகளை அறிவிக்க வேண்டும். அடுத்து எல்லைகளை எழுத வேண்டும். பின்னர்க் குறிக்கோள் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதன்பின் தீர்வு காணும் பகுதியை நிரல் தானே அழைத்துக்கொள்ளும். கணப்பொழுதில் விடை வரும்.

மொத்த முதல் 5,600 கோடி என்னும் ஓர் எல்லையை மட்டும் எழுதி, வருமானத்தைப் பெருக்குக என்று பணித்தால் நிகழ்வது என்ன? முழுத்தொகையையும் வீட்டுத்தொழில் துறையில் இடுமாறு நிரல் விடை தரும். வருமானம் 7,000 கோடி உயரும். இரண்டு கோடியே 24 இலட்சம் பேருக்கு வேலை கிடைக்கும். தாளில் இதனினும் சிறந்த திட்டம் இல்லை. நாட்டில் ஒரு புதிய எஃகு உருக்காலையும் எழாது, ஒரு புதிய பள்ளியும் எழாது. இயந்திரம் பிழை செய்யவில்லை; கேட்டதற்கு விடை தந்தது. எஃகு வேண்டும், பள்ளி வேண்டும் என்பதை அதற்கு யாரும் எழுதித் தரவில்லை.

எல்லைகள் ஒன்றோடொன்று முரண்பட்டால், தீர்வில்லை என்று நிரல் கூறிவிடும். அது நன்மையே, முரண் வெளிப்படுகிறது. எழுத வேண்டிய எல்லையை விட்டுவிட்டாலோ, நிரல் எச்சரிப்பதில்லை. தெளிவான, அழகான, தவறான விடையைத் தருகிறது. வெண்பாவில் தளை தட்டினால் செவி உடனே உணரும். கணக்கில் விடுபட்ட தளையை உணர்த்தும் செவி கணிப்பொறிக்கு இல்லை.

ஜப்பானியப் பொருளியலறிஞர் கோமியா 1959இல் மகலனோபிசின் எட்டு எண்களை நேரியல் திட்டமிடலின் கண்கொண்டு நோக்கினார். அவர் கண்ட குறையை எவரும் கையாலேயே சரிபார்க்கலாம். ஆலை நுகர்பொருள் துறையின் எண்கள் 0.35, 8,750, பணித்துறையின் எண்கள் 0.45, 3,750. வருமானம், வேலை இரண்டிலும் பின்னது மேம்பட்டது. முன்னதற்கு ஒதுக்கிய 980 கோடியைப் பின்னதற்கு மாற்றினால் வருமானம் 343 கோடியிலிருந்து 441 கோடியாகும். வேலை 11 இலட்சத்திலிருந்து 26 இலட்சமாகும். எந்த நன்மையும் குறையாமல் இரு நன்மைகள் கூடும் எனில், முதற்பங்கீடு சிறந்த பங்கீடு ஆகாது. துணிக்கும் தாளுக்கும் மருந்துக்கும் ஆலைகள் தேவை என்பது விடையாகலாம். ஆயின் மக்கள் எதனை எவ்வளவு வாங்குவர் என்னும் தேவை அச்சமன்பாடுகளில் ஓர் எல்லையாக எழுதப்படவில்லை.

எழுதப்படாத எல்லைகள்

விடுபட்டவை வேறும் இருந்தன. திட்டத்திற்குப் பணம் திரட்டும் வழியை ஏற்காமல் 1955இலேயே பி. ஆர். ஷெனாய் மறுப்புக் குறிப்பு எழுதினார். உழைப்போரின் உணவும் உடையும் முதலில் பெருக வேண்டும் என்று 1956இல் வகீலும் பிரம்மானந்தாவும் வாதிட்டனர். எல்லாவற்றினும் கூரியது அந்நியச் செலாவணி. எஃகாலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களை வெளிநாட்டில் வாங்க வேண்டும். அதற்கு அயல்நாட்டுப் பணம் வேண்டும். நான்கு துறைக் கணக்கில் அதற்கு ஒரு வரியும் இல்லை. 1957இல் செலாவணி இருப்புக் கரைந்தது. 1958இல் 4,800 கோடி ரூபாய் அரசுத்துறைத் திட்டம் 4,500 கோடியாகச் சுருக்கப்பட்டது. வேளாண்மையைச் சிறுதொழிலுடன் ஒரே எண்ணில் அடக்கியதன் விளைவும் பின்வந்த ஆண்டுகளின் உணவுப் பற்றாக்குறையில் தெரிந்தது.

துறைகள் ஒன்றுக்கொன்று உறுப்புச் செய்துகொடுக்கும் உறவும் அம்மாதிரியில் இல்லை. அவ்வுறவு எத்தகையது என்பதனைச் சென்னையின் மேற்குப் புறநகரம் பின்னர் நன்கு காட்டியது. அம்பத்தூரில் 1949இல் டி. ஐ. மிதிவண்டி ஆலை நிறுவப்பட்டது. 1959இல் டன்லப் ஆலை வந்தது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை உருவாகி, 1965இல் விஜயந்தா பீரங்கி வண்டியை வெளியிட்டது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அங்கே கடைசல் பொறி ஒன்றிரண்டு வைத்த சிறு பட்டறையும் பெரிய ஆலையும் ஒன்றையொன்று சார்ந்தே நின்றன. பெரிய ஆலையின் உற்பத்தி குறைந்தால் பட்டறையின் கூலி குறையும். நான்கு தனித்தனிப் பங்குகளாகப் பிரித்த கணக்கு இவ்வுறவை அறியாது. 1960களில் எக்காஸ், கிரித் பாரிக் முதலியோர் பல துறைகளின் கொடுக்கல் வாங்கலையும் செலாவணியையும் எல்லைகளாக எழுதி, இந்தியத் திட்டத்துக்கான பெரிய நேரியல் மாதிரிகளைக் கணிப்பொறியில் இயக்கினர். மகலனோபிஸ் விட்ட இடத்திலிருந்தே அப்பணி தொடர்ந்தது.

இக்குறைகளால் அவர் பெருமை குன்றிவிடாது. நாட்டின் திட்டத்தை மேடைச்சொல்லாக விட்டுவைக்காமல் பிறர் சோதிக்கத்தக்க எண்ணாக மாற்றியவர் அவர். எண்களை மறைத்து விடையை மட்டும் சொல்லியிருந்தால், கோமியாவால் குறை காண முடிந்திராது. எந்த எல்லை விடுபட்டது என்பதைப் பிறரால் சுட்டவும் முடிந்திராது. மக்களின் வேலையும் உணவும் அடங்கிய கணக்குகள் இன்று யாரும் காணாத நிரல்களுக்குள் எழுதப்படுகின்றன. எதனைப் பெருக்குமாறு இயந்திரம் பணிக்கப்பட்டது, எந்த எல்லை அதற்குச் சொல்லப்பட்டது என்பவற்றைக் கேட்கும் உரிமை அக்கணக்கால் பயனோ துன்பமோ அடைவோர்க்கு உண்டு. அக்கேள்விக்கு விடை சொல்லத்தக்கவாறு தம் கணக்கை அச்சிட்டு வைத்தார் மகலனோபிஸ்.

இறுதி ஆண்டுகள்

1955 முதல் 1967 வரை திட்டக்குழுவின் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். 1959இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தேசிய முதன்மை பெற்றது. 1968இல் பத்ம விபூஷண் விருது அவரை வந்தடைந்தது. தாம் வளர்த்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நிறுவனத்திலிருந்து பிரிந்து அரசின் கைக்கு மாறுவதை அவர் விரும்பவில்லை. ஆயினும் அது நிகழ்ந்தது. இறுதிவரை நிறுவனத்தின் இயக்குநராகவே இருந்து, 79ஆம் பிறந்தநாளுக்கு முந்திய நாளாகிய 1972 ஜூன் 28இல் கல்கத்தாவில் மறைந்தார். அவர் பிறந்த நாளை 2007 முதல் நாடு தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறது.

அவர் தேர்ந்தெடுத்த எட்டு எண்களும் 1955 டிசம்பர்ச் சங்க்யா இதழில் அச்சாகியுள்ளன. அவற்றை எடுத்து, அவர் எழுதாமல் விட்ட எல்லைகளையும் சேர்த்து, மீண்டும் கணக்கிட்டுப் பார்க்க எவர்க்கும் தடையில்லை.